விதைக்கிழங்கு அழுகுகிறதா? அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடியுங்கள்

மாசி பிறந்ததும் தென்காசி மாவட்டத்துக் கடையம், பாவூர்சத்திரம், ஆலங்குளம் பக்கத்திலிருந்து ஒரே கேள்விதான் வரும். "அண்ணாச்சி, டிரைக்கோடெர்மா போட்டுத்தான் வச்சேன். இருந்தும் கிழங்கு அழுகுது. பொடி போலியா?" சில நேரம் பொடியில் உயிர் இருக்காது, அது உண்மைதான். ஆனால் முக்கால்வாசி கேஸில் கிழங்கு சாய்ப்புக்குள் (கிழங்கு வைக்கும் கொட்டகைக்குள்) வரும் முன்பே வயலில் அழுகத் தொடங்கியிருக்கும். மீதியில் பாதி, பூஞ்சையே அல்லாத வேறு கோளாறு.

டிரைக்கோடெர்மா என்பது பொடியாக விற்கும் ஒரு நன்மைப் பூஞ்சை, ஒரு காவல்காரன். கெட்ட பூஞ்சைக்கு முன்னால் காயத்தில் இடம் பிடித்துக்கொண்டால் உள்ளே விடாது. அழுகிவிட்ட கிழங்கை அது மீட்டுத் தராது. இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே இருப்பதெல்லாம் எளிதாகப் புரியும்.

இது விதைக்கு எடுத்து வைக்கும் சேனை, சிறுகிழங்கு, சேம்பு ஆகியவற்றுக்கு எழுதியது. சீனிக்கிழங்குக்கும் (சர்க்கரைவள்ளி) மரவள்ளிக்கும் தனியாகச் சில வரிகள் உண்டு. சமையலுக்கும் சந்தைக்கும் போகும் கிழங்கின் மேல் இந்தப் பொடியைத் தூவாதீர்கள். அதற்கான பாதுகாப்பை நடும்போதே மண்ணில் கொடுத்துவிட வேண்டும்.

## முதலில் ஒன்றை அறுங்கள்

குவியலைக் கிளறுவதற்கு முன் மூன்று கிழங்கை எடுத்து வெளிச்சத்துக்குக் கொண்டு வாருங்கள். ஒன்று நன்றாக அழுகினது, ஒன்று பாதி போனது, ஒன்று பார்வைக்கு நல்லது. பாதி போனதைக் குறுக்காக அறுத்துப் பாருங்கள். முழுக்க அழுகினதில் ஊரில் உள்ள எல்லாப் பூஞ்சையும் ஏறியிருக்கும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

- வெள்ளை நூல், கடுகு அளவு உருண்டை: அறிகுறி 1
- தண்ணீர் வடிந்து நாறுகிறது: அறிகுறி 2
- ஈரமில்லை, சுருங்கிப் பழுப்பாகவோ கறுப்பாகவோ இருக்கிறது: அறிகுறி 3
- சிறுகிழங்கு முண்டு முண்டாக இருக்கிறது: அறிகுறி 4
- மேலே வெள்ளை மாவு பூசினமாதிரி இருக்கிறது: அறிகுறி 5
- சீனிக்கிழங்கு அல்லது மரவள்ளி: அறிகுறி 6
- பொடி போட்டும் அழுகுகிறது: அறிகுறி 7
- கிழங்கு பச்சையாகப் பூத்திருக்கிறது: அறிகுறி 8

## அறிகுறி 1: சேனையின் மேல் வெள்ளை நூலும் உருண்டைகளும்

தண்டு கழன்ற குழியிலோ கிழங்கின் அடியிலோ வெள்ளை நூல் படர்ந்திருக்கும். அதன் மேல் கடுகளவு உருண்டைகள் இருக்கும், முதலில் வெள்ளையாக, நாளாக ஆகப் பழுப்பாக. ஸ்கிளிரோஷியம் என்ற பூஞ்சை இது. வயலில் சேனைக்குக் கழுத்தழுகல் கொண்டு வருவதும் இதேதான். டிரைக்கோடெர்மாவுக்கு உண்மையிலேயே வேலை இருக்கிற இடம் இதுதான் என்பதால் இங்கே கொஞ்சம் நின்று பேசலாம்.

ஒட்டியிருக்கும் மண். செலவில்லாத சோதனை. கடுகு உருண்டைகள் மண்ணோடுதான் சாய்ப்புக்கு வருகின்றன. கிழங்கைக் கழுவ வேண்டாம். நிழலில் இரண்டு நாள் காயவிட்டால் மண் தானே உதிரும், மிச்சத்தைத் தேங்காய் நார் கொண்டு தேய்த்து எடுங்கள். தண்டுக் குழிக்குள் விரலை விட்டுப் பாருங்கள். வாடின தண்டின் அடிக்கட்டை அங்கே கொதகொதவென்று மிச்சமிருந்தால் பூஞ்சை வேலை தொடங்குவது அங்கிருந்துதான். அதை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட வேண்டும்.

காயம். மம்பட்டி பட்ட வெட்டு, பக்கக் கிழங்கைப் பிய்த்த தழும்பு, வண்டியிலிருந்து போட்டதில் தோல் உரிந்த இடம். அழுகல் தொடங்கின இடமெல்லாம் காயமாக இருந்தால் கோளாறு கிழங்கு பறித்த அன்றைக்கே நடந்துவிட்டது. மம்பட்டி பட்டதை விதைக்கென்று வைக்காதீர்கள். அன்றே தனியாகப் பிரித்துச் சந்தைக்கோ சமையலுக்கோ அனுப்புங்கள்.

அடுக்கு. சிமெண்டுத் தரையில் நேராகக் கொட்டியிருக்கிறீர்களா? ஒன்றின் மேல் ஒன்றாக நாலு வரிசை இருக்கிறதா? அடியில் இருப்பது வேர்க்கும், வேர்த்த இடத்தில் நூல் ஓடும். மூங்கில் பரணோ தென்னை மட்டையோ போட்டு ஒரே வரிசையாகப் பரப்புங்கள், கிழங்குக்குக் கிழங்கு விரல் இடைவெளி இருக்கட்டும்.

இவ்வளவும் பார்த்த பிறகுதான் பொடி. நூல் பிடித்ததை வெளியே எடுத்து எரித்துவிடுங்கள், எருக்குழியில் மட்டும் போட்டுவிடாதீர்கள். உருண்டைகள் எருவோடு மறுபடி வயலுக்கே போய்ச் சேரும். பக்கத்தில் இருந்த நல்ல கிழங்குகளுக்குச் சாணிப்பால் முக்கு: புதுச் சாணியைத் தோசை மாவுப் பதத்துக்குக் கரைத்து, ஒரு கிலோ விதைக்கு 5 கிராம் டிரைக்கோடெர்மா கலந்து, கிழங்கை முக்கி எடுத்து நிழலில் காயப் போட வேண்டும். இப்படிக் காயவைப்பதில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். மேலே தொட்டால் காய்ந்திருக்கும், திருப்பிப் பார்த்தால் அடியில் ஈரச் சாணி அப்படியே இருக்கும். அந்த ஈரத்தோடு பரணில் ஏற்றினால் பொடி போடாமலே இருந்திருக்கலாம். கிழங்கைப் புரட்டிப் போட்டு, சாணிப் பூச்சு எல்லாப் பக்கமும் வெடிப்பு விடும் வரை காத்திருங்கள். பங்குனி வெயில் கண்ணைப் பறிக்கிறதே, முற்றத்தில் போட்டால் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடுமே என்று தோன்றும். வெயிலில் பொடியில் உள்ள உயிரும் சேர்ந்து காய்ந்துவிடும்.

நடும்போதும் இதே முக்கு இன்னொரு தடவை.

வருஷா வருஷம் வந்தால் நோய் இருப்பது வயலில். அங்கே செலவு கூடும். முதல் படி, ஊட்டமேற்றின தொழுவுரம். நன்றாக மக்கின தொழுவுரம் 90 கிலோ, வேப்பம்புண்ணாக்குப் பொடி 10 கிலோ, டிரைக்கோடெர்மா 1 முதல் 2 கிலோ. கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது. அந்த அளவு ஈரத்தில் நிழலில் குவித்து, ஈரச் சாக்கு போட்டு மூடுங்கள். நாலைந்து நாளில் ஒருதரம் புரட்டுங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் குவியலுக்குள் பச்சை படர்ந்து தெரியும். சேனைக் குழிக்குள் போட வேண்டியது இது. வெறும் பொடியை மண்ணில் தூவினால் அதற்குச் சாப்பிட ஒன்றும் கிடைக்காது.

அடுத்த படி, சித்திரை வைகாசியில் வயலை நனைத்துக் கண்ணாடிபோன்ற பாலித்தீன் தாளால் ஓரம் விடாமல் மூடி நாலிலிருந்து ஆறு வாரம் வெயிலில் வேகவிடுவது. நம்ம ஊர் வெயிலுக்கு இது நன்றாக வேலை செய்யும், ஆனால் தாள் விலை சும்மா இல்லை, சின்னப் பாத்திக்குத்தான் கட்டுப்படியாகும். தாளை எடுத்த பின் ஊட்டமேற்றின உரத்தைப் போடுங்கள், அப்போது மண்ணில் போட்டிக்கு ஆள் குறைவு. கடைசிப் படி, பயிரை மாற்றுவது. நெல், மக்காச்சோளம், சோளம் வைக்கலாம். நிலக்கடலை மட்டும் வேண்டாம். ஸ்கிளிரோஷியத்துக்கு அது விருந்து.

வேளாண் அலுவலரைக் கூப்பிட வேண்டிய இடம்: வயலில் செடி திட்டுத் திட்டாகச் சாய்ந்து, இரண்டாம் வருஷமும் அதே திட்டு பெரிதானால்.

## அறிகுறி 2: சொதசொதவென்று ஊளை நாற்றம்

விரல் வைத்தால் உள்ளே போகும், தண்ணீர் வடியும், சாய்ப்புக் கதவைத் திறந்ததும் மூக்கைப் பொத்த வேண்டும். பூஞ்சை நூல் எதுவும் கண்ணில் படாது. இது பாக்டீரியா அழுகல். டிரைக்கோடெர்மாவை இதன் மேல் மூட்டையாகக் கொட்டினாலும் நிற்காது.

பெரும்பாலும் காரணம் ஒன்றுதான், ஈரம். மார்கழி மழையில் நனைந்த மண்ணிலிருந்து தோண்டினது, அல்லது வயலில் தண்ணீர் நின்றது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் முங்கின வயல்களை நினைத்துக்கொள்ளுங்கள். அப்படி முங்கின வயலின் கிழங்கு பார்வைக்கு எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும் விதைக்கு வைக்காதீர்கள். வேரடி மூச்சடைத்த கிழங்கு உள்ளுக்குள் பலவீனமாக இருக்கும்.

இரண்டாவது காரணம் சாக்கு. பிளாஸ்டிக் உரச் சாக்கில் கட்டி வைத்தால் நல்ல கிழங்கும் வேர்த்து இந்த நிலைக்கு வரும். சணல் சாக்கு பரவாயில்லை, பனையோலைக் கடகம் இன்னும் நல்லது.

செய்ய வேண்டியது: நாறுவதையும் அதைத் தொட்டுக்கொண்டிருந்ததையும் அன்றே வெளியேற்றுங்கள். வடிந்த தண்ணீர் பட்ட கிழங்கு நல்லதாகத் தெரிந்தாலும் சேர்த்துத்தான். தரையை பிளீச்சிங் பவுடர் கரைசலால் கழுவிக் காயவிட்டு, சுவரடிக்குச் சுண்ணாம்பு அடியுங்கள். அது முழுக்கக் காய்ந்து மணம் போன பிறகுதான் டிரைக்கோடெர்மா போட்ட கிழங்கு உள்ளே வர வேண்டும், இல்லையென்றால் பிளீச்சிங் அதையும் கொன்றுவிடும்.

## அறிகுறி 3: காய்ந்து சுருங்கி, உள்ளே பழுப்பு அல்லது கறுப்பு

முதலில், இது அழுகலா, வெறும் வாட்டமா என்று பிரியுங்கள். அறுத்தால் உள்ளே நிறம் மாறாமல் கிழங்கு மட்டும் எடை குறைந்து தோல் சுருங்கியிருந்தால் காற்று குடித்துவிட்டது, அவ்வளவுதான். வள்ளியூர், ராதாபுரம் பக்கத்துக் காய்ந்த காற்றில் இது அடிக்கடி நடக்கும். காய்ந்த ஆற்று மணலைப் பரப்பி, கிழங்கை அதில் பாதி புதைத்து வைத்தால் போதும். செங்கோட்டை, தென்காசிப் பக்கம் நிலவரம் நேர்மாறு. ஆனியில் சாரல் தொடங்கினால் மணலே ஈரம் குடிக்கும், அப்போது மணலிலிருந்து எடுத்துப் பரணுக்கு மாற்ற வேண்டியிருக்கும். முன்பு ஒரே திருநெல்வேலி மாவட்டமாக இருந்த ஊர்கள்தான், ஆனால் கிழங்கு வைக்கிற முறை ஒன்றல்ல.

உள்ளே பழுப்பாகி, மாவு மாவாக உதிர்ந்து, நடுவில் பொந்து விழுந்து வெள்ளையோ இளஞ்சிவப்போ பூத்திருந்தால் ஃபியூசேரியம் உலர் அழுகல். கறுத்து, தோலில் மிளகுப் பொடி தூவினமாதிரி கறுப்புப் புள்ளிகள் எழும்பியிருந்தால் பெரும்பாலும் லாசியோடிப்ளோடியா என்ற பூஞ்சை கொண்டுவரும் கறுப்பு அழுகல். இரண்டும் காயம் வழியாக நுழைபவை, இரண்டுக்கும் செய்ய வேண்டியது ஏறக்குறைய ஒன்றுதான்.

பார்க்க வேண்டிய வரிசை இது. பிஞ்சாகத் தோண்டினதா? சேனையில் இலை மஞ்சளாகித் தானே சாயும் வரை விட வேண்டும், நட்டு எட்டு ஒன்பது மாதம் ஆகும். பிஞ்சுத் தோல் கைபட்டாலே உரியும், உரிந்த இடமெல்லாம் வாசல். அடுத்தது தகரக் கூரை. சித்திரையில் தகரத்தின் அடியில் பரண் இருந்தால் கிழங்கு வெந்துபோகும், டிரைக்கோடெர்மாவும் வெக்கையில் சுருண்டுவிடும், அதற்கு 25–30 டிகிரிதான் தோது. கறுப்பு அழுகலோ வெக்கைக்கு அசராது. தகரத்தின் மேல் தென்னங்கீற்றுப் போடுங்கள், அல்லது பரணைக் கீழே இறக்குங்கள்.

இவை சரியாக இருந்தால் சாணி முக்கு பலன் தரும், அதுவும் தோண்டின ஓரிரு நாளுக்குள் செய்தால். ஒரு மாதம் கழித்துப் புள்ளி தெரிந்த பின் முக்குவதில் அர்த்தமில்லை. வெட்டி நடும் சேனைத் துண்டுகளுக்கு வெட்டின முகம் முழுக்க இந்தப் பூச்சு கட்டாயம்.

## அறிகுறி 4: சிறுகிழங்கு முண்டு முண்டாக, சீக்கிரம் கெடுகிறது

நம்ம பக்கத்துக்கே உரிய தலைவலி. கிழங்கின் மேல் பரு கிளம்பினமாதிரி முண்டுகள், தோல் வெடிப்பு, வைத்த சில வாரத்தில் அந்த வெடிப்பு வழியே அழுகல். தோலை மெல்லச் சீவினால் அடியில் சின்னச் சின்னப் பழுப்புப் புள்ளிகள் தெரியும். வேர்முடிச்சு நூற்புழு போட்ட பாதை இது. பூஞ்சை பின்னால் வந்த விருந்தாளி. டிரைக்கோடெர்மா விருந்தாளியைக் கொஞ்சம் தடுக்கும், வீட்டுக்காரனை விரட்டாது.

செலவில்லாத வழி முதலில்: முண்டு விழுந்ததை விதைக்கு வைக்காதீர்கள், நாற்றங்கால் முழுக்கப் பரவும். கொடி நடும்போது நுனிக் கொடியைக் கிள்ளி நடுங்கள், வேரோடு பிடுங்கி நட்டால் புழுவையும் சேர்த்து நடுகிறீர்கள்.

சிறுகிழங்கில் இன்னொன்று. பொங்கலுக்குச் சந்தையில் விலை நிற்கும், அதனால் மார்கழி ஈரத்திலேயே எல்லாவற்றையும் தோண்டிவிடுகிறோம். விற்பதற்கு அது சரி. விதைக்கும் அந்தக் குவியலிலேயே மிஞ்சினதை ஒதுக்கி வைப்பதுதான் தொல்லை. பொங்கலுக்குத் தோண்டினது ஈரமாக, தோல் முற்றாமல், அவசரத்தில் அடிபட்டு இருக்கும். விதைக்கென்று மேடான இடத்தில் இரண்டு பாத்தியைத் தொடாமல் விட்டு, கொடி காய்ந்து மண் உலர்ந்த பின் தை கடைசியிலோ மாசியிலோ தோண்டுங்கள். வைகாசி, ஆனி நாற்றங்கால் வரை நிற்க வேண்டிய கிழங்கு அது. எந்தப் பொடியையும்விட இந்த இரண்டு பாத்திதான் எனக்கு நம்பிக்கை.

அடுத்த செலவு, பர்ப்யூரியோசிலியம் என்ற வேறொரு நன்மைப் பூஞ்சை. பழைய லேபிள்களில் பேசிலோமைசஸ் என்று இருக்கும். நூற்புழு முட்டையைத் தின்பது இது. தொழுவுரத்தில் ஊட்டமேற்றி நாற்றங்காலிலும் வயலிலும் போட வேண்டும், தோண்டின கிழங்கில் தூவிப் பயனில்லை. அதற்கும் மேல், தண்ணீர் வசதி உள்ளவர்கள் ஒரு வருஷம் அந்த வயலில் பிசானப் பருவ நெல் போட்டுவிடுவது. சேற்றில் தண்ணீர் நின்றால் நூற்புழு ஒடுங்கும். கத்தரி, வெண்டை, தக்காளி போட்ட வயலில் தொடர்ந்து சிறுகிழங்கு வைத்தால் இந்தத் தொல்லை விடவே விடாது.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: செடியைப் பிடுங்கினால் வேரெல்லாம் முடிச்சாக இருக்கிறது என்றால், அடுத்த நடவுக்கு முன் மண்ணையும் வேரையும் நூற்புழுப் பரிசோதனைக்குக் கொடுங்கள். எண்ணிக்கை தெரியாமல் செலவு செய்ய வேண்டாம்.

## அறிகுறி 5: வெள்ளை மாவு பூசின சேனை

பூஞ்சை என்று நினைத்து டிரைக்கோடெர்மா வாங்க ஓடுவார்கள். ஒரு தீக்குச்சியால் வெள்ளையைக் கிளறுங்கள். நூலாக இழுபட்டால் பூஞ்சை. ஈரமாக நசுங்கினால், அல்லது பக்கத்தில் எறும்பு சாரை போனால், மாவுப்பூச்சி. சேனைக்கு சாய்ப்பில் வரும் பெரிய எதிரி அதுதான், குருத்தைச் சுற்றி உட்கார்ந்து முளைப்பைக் கெடுத்துவிடும்.

பிடித்ததைத் தனியாக்கி, பழைய பல்துலக்கும் பிரஷ் கொண்டு தேய்த்து எடுத்து, சோப்புத் தண்ணீர் தொட்ட துணியால் துடைத்து நன்றாகக் காயவையுங்கள். பரண் காலடியில் எறும்பு ஏறாமல் பாருங்கள். மாவுப்பூச்சிக்கென்று லெகானிசிலியம் என்ற பூஞ்சையும் விற்கிறார்கள். வயலுக்குச் சரி. அது நிறைய ஈரம் கேட்கும், சாய்ப்பில் அந்த ஈரத்தைக் கொடுத்தால் அறிகுறி 2-க்குப் போய்விடுவீர்கள். பெரிய அளவில் பிடித்திருந்தால் மருந்து முக்குவது பற்றி வேளாண் அலுவலரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

## அறிகுறி 6: சீனிக்கிழங்கும் மரவள்ளியும்

சீனிக்கிழங்கில் வெட்டு முனையிலிருந்து சாம்பல் நிற மயிர் கிளம்பி, நுனியில் கறுப்புப் புள்ளி வைத்து, கிழங்கு இளகிப்போனால் ரைசோபஸ் என்ற பூஞ்சை. வேகமாகப் பரவும். காயம் ஆறாத கிழங்கில்தான் இது வரும். தோண்டின பின் நாலிலிருந்து ஏழு நாள், 30 டிகிரி வாக்கில், புழுக்கமான நிழலில் ஓலையோ சாக்கோ மூடி வைத்தால் காயம் தோல் கட்டிவிடும். அதன் பின் காற்றோட்டத்துக்கு மாற்றுங்கள்.

துளை துளையாக இருந்து, அறுத்தால் உள்ளே புழுப் பாதை, வேகவைத்தால் கசப்பு என்றால் கூன்வண்டு. பொடிக்கு வேலையே இல்லை.

இதில் ஒரு எச்சரிக்கை. பூஞ்சை பிடித்த சீனிக்கிழங்கை வீணாகிறதே என்று தொழுவில் மாட்டுக்குப் போட்டுவிடாதீர்கள். அதில் உண்டாகும் நஞ்சு மாட்டின் நுரையீரலைக் கெடுக்கும். தின்ற மாடு வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் காத்திருக்காமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள், 1962 என்ற இலவச எண்ணும் இருக்கிறது.

மரவள்ளியை அறுத்தால் உள்ளே நீலம் கலந்த கறுப்புக் கோடுகளா? பிடுங்கி இரண்டு மூன்று நாளில் அது தானாக வருவது, நோயல்ல. வைத்திருக்கவே முடியாத கிழங்கு அது. வேண்டிய அன்றைக்குப் பிடுங்குங்கள்.

## அறிகுறி 7: எல்லாம் சரியாகச் செய்தேன், பொடி போட்டும் அழுகுகிறது

இப்போது பொடியைச் சந்தேகப்படலாம்.

பாக்கெட்டைத் திருப்புங்கள். தயாரித்த தேதி முதலில். மாவுக்கல் பொடியில் கலந்து விற்கும் டிரைக்கோடெர்மாவுக்கு ஆயுள் நாலிலிருந்து ஆறு மாதம்தான். ஒரு கிராமில் குறைந்தது 20 லட்சம் உயிர் வித்துகள் என்று அச்சிட்டிருக்க வேண்டும். சி.எஃப்.யூ. என்று போட்டு 2×10⁶ என்று இருக்கும், அதுதான் இது. தேதி சரியாக இருந்தாலும் உரக்கடையில் வெயில் விழும் அலமாரியில் கிடந்ததா என்று ஒரு பார்வை பாருங்கள். உள்ளே இருப்பது உயிர். பூச்சிமருந்து டப்பாபோல் அதை எங்கும் வைக்க முடியாது.

சோற்றுச் சோதனை. பைசா செலவில்லை. அரைவேக்காட்டுச் சோற்றை ஆறவிட்டு, தண்ணீர் இல்லாமல் இரண்டு கிண்ணத்தில் போடுங்கள். கிண்ணங்களைக் கொதிநீரில் அலசியிருக்க வேண்டும். ஒன்றில் ஒரு சிட்டிகைப் பொடியைத் தூவுங்கள், மற்றதில் ஒன்றும் வேண்டாம். காகிதம் மூடி நிழலில் வையுங்கள். நாலைந்து நாளில் பொடி போட்டதில் முதலில் வெள்ளைப் பஞ்சு எழும்பி, பிறகு திட்டுத் திட்டாகக் கரும்பச்சையாக மாறினால் உயிர் இருக்கிறது. சில வகையில் லேசாகத் தேங்காய் வாசம்கூட வரும், அதற்காக மூக்கை உள்ளே விட வேண்டாம். பொடி போடாத கிண்ணமும் அதேபோல் பச்சையானால் சோதனை செல்லாது, மறுபடி செய்யுங்கள். சோற்றை மண்ணில் புதைத்துவிடுங்கள், கோழிக்குப் போடாதீர்கள். இந்தச் சோதனை உயிர் இருக்கிறதா என்று மட்டும் சொல்லும், எவ்வளவு என்று சொல்லாது.

கூட என்ன போட்டீர்கள்? கார்பென்டசிம் என்ற பூஞ்சைக்கொல்லியில் முக்கின விதையில் டிரைக்கோடெர்மா போட்டால் அது செத்துப் பிறந்தமாதிரி. வியாபாரியிடம் விதை வாங்கினால் எதில் முக்கினது என்று கேட்டே வாங்குங்கள். அடுத்தது சாம்பல். வெட்டுக் காயத்தில் அடுப்புச் சாம்பல் தடவுவது நம் பழக்கம், அதுவும் நல்ல வழிதான், காயத்தைக் காயவைக்கும். ஆனால் டிரைக்கோடெர்மாவுக்குப் புளிப்பான இடம் பிடிக்கும், சாம்பலும் சுண்ணாம்பும் காரம். ஒரே காயத்தில் இரண்டையும் சேர்க்காதீர்கள். சாம்பல் என்றால் சாம்பல், பொடி என்றால் பொடி.

உலர்ந்த கிழங்கில் உலர்ந்த பொடி. தூவினது தோலில் ஒட்டாமல் சாக்கின் அடியில் கிடக்கும். அதற்குத்தான் சாணிப்பால்.

இவ்வளவும் சரியாக இருந்து சோற்றில் பச்சை வரவில்லையா? அந்தப் பாக்கெட்டைத் திருப்பிக் கொடுங்கள். வேளாண்மைத் துறையின் உயிரியல் கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் புதிதாகத் தயாரித்தது கிடைக்குமா என்று வட்டார வேளாண் அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஒரு விஷயம், வீட்டில் யாராவது சிப்பிக் காளான் வளர்த்தால் அந்தக் கொட்டகைப் பக்கம் இந்தப் பொடியைப் பிரிக்கவே கூடாது. காளான்காரர்கள் பச்சைப் பூசணம் என்று திட்டுவது இதே டிரைக்கோடெர்மாவைத்தான்.

## அறிகுறி 8: கிழங்கு பச்சையாகப் பூத்திருக்கிறது

"பொடி நல்லா பிடிச்சிருக்கு" என்று சந்தோஷப்படுவதற்கு முன் அழுத்திப் பாருங்கள். உயிரோடு இருக்கும் கிழங்கின் மேல் டிரைக்கோடெர்மா காடாக வளராது. சாணிப் பூச்சில் மட்டும் அங்கங்கே பச்சை தெரிந்து, அடியில் கிழங்கு கல்லாக இருந்தால் கவலை இல்லை. ஈரம் கொஞ்சம் அதிகம் என்று அர்த்தம், காற்று விடுங்கள். பச்சையின் அடியில் கிழங்கு இளகியிருந்தால் அது செத்த கிழங்கு, மேலே பூத்தது எதுவானாலும் வெளியே எடுங்கள். நீலம் கலந்த பச்சையில் ஊதினால் பறக்கும் தூள் என்றால் பெனிசிலியம். கறுப்புத் தூள் என்றால் ஆஸ்பெர்ஜில்லஸ். துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு எடுங்கள், இழுப்பு உள்ளவர்கள் இந்த வேலையை வேறு ஆளிடம் விட்டுவிடுவது நல்லது.

## மாதிரி எடுத்துப் போவது

மேலே சொன்ன எதிலும் அடங்கவில்லை, அல்லது குவியலில் நாலில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது என்றால் கையை வைக்காதீர்கள். கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரியில் தாவர நோயியல் துறை இருக்கிறது, அங்கே காட்டலாம். அவ்வளவு தூரம் போகும் முன் 1800-180-1551 என்ற உழவர் அழைப்பு மையத்தில் தமிழிலேயே கேட்கலாம். ஆனால் போனில் கிழங்கை அறுத்துக் காட்ட முடியாது.

கொண்டு போகும்போது பாதி அழுகின கிழங்கு நாலைந்து, நல்லது இரண்டு, வயல் மண் ஒரு கை. காகிதத்தில் சுற்றி ஓலைப்பெட்டியில் வையுங்கள். பாலித்தீன் பையில் கட்டிப் பஸ்ஸில் கொண்டுபோனால் இறங்கும்போது எல்லாமே அறிகுறி 2 ஆகியிருக்கும், அவர்களாலும் ஒன்றும் சொல்ல முடியாது. ஒரு சீட்டில் எழுதி வையுங்கள்: எந்த வயல், முன்பயிர் என்ன, தோண்டின தேதி, அன்றைக்கு மண் ஈரமா, என்ன மருந்து, என்ன பொடி, எங்கே வைத்தது. பொடிப் பாக்கெட்டையும் காலியானாலும் எடுத்துப் போங்கள். அவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.